சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒரு சிவப்பு

"எவ்வளவு செலவாகும்?" என்று ராஜா கேட்டார். "தெரியாது" என்றான் கொத்தன் வெயிலுகந்தான். சபையே சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. வாசலில் யானை தயாராக நின்றது, மிதிப்பதற்கு.

எந்தக் காலமோ, எந்த ஊரோ, செம்பொன்மாறன் என்று ஒரு ராஜா. மகள் கல்யாணத்துக்குள் அரண்மனை முழுவதையும் புதுப்பிக்கணும் என்று திடீர் ஆசை. அரண்மனை அதிகாரி ஆளவந்தார் திட்டம் போட்டுக் கொடுத்தார். முதலில் பளிங்குத் தரை, அப்புறம் பொன் பூசிய தூண். பத்தாயிரம் பொன். கூரையெல்லாம் காசு மிஞ்சினால். "இது தப்பு" என்று வெயிலுகந்தான் வாயை விட்டதுதான் வம்பு.

"செலவு தெரியாதவனுக்கு வாய் எதுக்கு?" என்றார் ஆளவந்தார்.

"பார்க்காமச் சொல்ல நான் ஜோசியக்காரன் இல்லைங்க."

"சாயங்காலத்துக்குள் சொல்லு. இல்லைன்னா யானைக்கு வேலை" என்றார் ராஜா.

வெயிலுகந்தான் இருபது குடம் மஞ்சள் தண்ணீர் வாங்கி மாடியில் கொட்டினான். "மாடிக்கு மஞ்சள் நீராட்டா?" என்று ஆளவந்தார் கேட்டார். அவன் அடுத்த குடத்தைச் சாய்த்தான்.

பொழுது சாயும்போது சபைச் சுவரில் மஞ்சள் கோடு கோடாக இறங்கியது. சிம்மாசனத்துக்குப் பின்னால் வந்த கோடு மட்டும் சிவந்தது. ஆரத்தி மாதிரி, சுவரே ரத்தம் விடுகிற மாதிரி, மெதுவாக அகலமாகிக்கொண்டே போனது. ராஜா எழுந்துவிட்டார். கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார், ஏன் என்று அவருக்கே தெரியாது.

"மஞ்சளா நிக்கிற இடம் பழைய சுண்ணாம்பு, மகாராஜா. சிவந்தது புதுச் சுண்ணாம்பு. ரெண்டும் ஒழுகுது. சிவந்த இடத்துல மட்டும் யாரோ சமீபத்துல விரிசலை மூடியிருக்காங்க."

"ராஜா பார்த்தா மனசு கஷ்டப்படுமேன்னு..." என்று இழுத்தார் ஆளவந்தார்.

"இப்போ செலவு சொல்றேன். முதல்ல கூரை, அப்புறம் சுவர். ஆயிரத்து எண்ணூறு. இருநூறு தனியா இருக்கட்டும், உடைச்சாத்தான் தெரியும் சில விஷயம். தரை நல்லாத்தான் இருக்கு."

ராஜா ஆளவந்தாரின் பட்டுச் சால்வையை உருவி வெயிலுகந்தான் தோளில் போட்டார். ஆளவந்தாரைச் சுண்ணாம்பு குழைக்க அனுப்பினார். கல்யாணத்துக்கு முதல் நாள் பேய்மழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. ராஜா வெகுநேரம் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சிவப்பு இன்னும் ஒரு முழம் தெரியுதே. சம்பந்தி வீட்டார் வருவாங்க, வெள்ளையடிச்சு மூடிடு."

"உத்தரவு" என்றான் வெயிலுகந்தான். சுண்ணாம்பு பூசும் கரணையைக் கழுவி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனான். வெள்ளை அடிக்கவே இல்லை.