தாமோதரன் குடிக்காத டீ

தன் குருவை ‘நீ’ என்று அழைத்த சிஷ்யை ஒருத்தி இருந்தாள். பெயர் பிரேமகுமாரி, வயது ஐம்பத்து நான்கு. குரு சவரிராயனுக்கு நாற்பத்தைந்து. அவர் அவளை அக்கா என்றார்.

அவள் கணவர் தாமோதரன் வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு ஜீப்பில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு திருச்சியிலிருந்து கிளம்புவார். ராஜஸ்தான் மணலைக் கடந்து, லடாக்கில் ஒரு கணவாயைத் தாண்டித் திரும்பும் பயணம். தார்ச்சாலை இல்லாத பக்கமாகத்தான் போவார். தார்ச்சாலையில் போக நான் எதற்கு, பஸ் இருக்கிறதே என்பார்.

முன்வண்டியை அவர் ஓட்டுவார். பின்வண்டியைச் சவரிராயன். பின்வண்டியில் அடுப்பு, பாத்திரம், அரிசி மூட்டை, இவற்றோடு பிரேமகுமாரி.

அங்கிருந்து அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முன்வண்டியின் புழுதியும், ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அவருடைய வலது முழங்கையும்தான். பதினாலு வருஷம் அந்த முழங்கையைப் பார்த்தே அவள் இந்தியாவைக் கடந்திருக்கிறாள்.

போன மார்கழியில் தாமோதரன் இறந்துபோனார். குளிக்கப் போனவர், அவ்வளவுதான்.

வண்டிகளை விற்றுவிடலாம் என்றான் மகன்.

“இந்த வருஷம் நான் கூட்டிட்டுப் போறேன்” என்றாள் பிரேமகுமாரி.

“மார்க்கெட்டுக்கு ஓட்டுறதும் மணல்ல ஓட்டுறதும் ஒண்ணாம்மா?”

“ஒண்ணு இல்லேன்னு தெரியும். உனக்கு யார் ஓட்டக் கத்துக்குடுத்தா?”

கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அதனால் அவன் கொஞ்சம் இறங்கி வந்தான். “சரி. முன்வண்டியை நீயே ஓட்டி, கணவாயைத் தாண்டணும். சவரி மாமா பார்த்துட்டுச் சொல்லட்டும். முடியலேன்னா விக்கிறோம், மறுபேச்சு கிடையாது.”

இப்படித்தான் சவரிராயன் குரு ஆனார். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

கிளம்பும் முன் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “சவரி, பதினாலு வருஷத்துல அவர் ஒரு தடவைகூட வழி தப்பினதில்லை. எப்படி?”

சவரிராயன் டயரைக் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “போகும்போது சொல்றேன் அக்கா.”

சொல்லவில்லை. ஒன்பது நாள் கேட்டுப் பார்த்துவிட்டு அவளும் விட்டுவிட்டாள். கேள்வியை விட்டாலும் கோபத்தை விடவில்லை.

அவளிடம் தாமோதரனின் நோட்டு இருந்தது. நீல அட்டை, டீசல் வாசனை. எங்கே திரும்புவது, எங்கே இறங்குவது எல்லாம் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. முதல் சில நாள் வழிக்காகப் படித்தாள். அப்புறம் அந்தக் கையெழுத்துக்காகவே படித்தாள்.

பத்தாம் நாள் ஜெய்சால்மேர் தாண்டி, மணலில் தனியாக நின்ற ஒரு வன்னிமரம் வந்தது. ‘ஒற்றை வன்னி. இடப்பக்கம் இறங்கு. கெட்டித் தரை.’ இடப்பக்கம் இறங்கினாள்.

நூறு அடி போனதும் வண்டி திணறியது. அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள். சக்கரம் சுற்றியதே தவிர வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தாள். அச்சு வரை மணலில் உட்கார்ந்துவிட்டது.

பின்சீட்டில் தாசில்தார் கோவர்த்தனம் தொண்டையைச் செருமினார். ரிட்டயர் ஆனவர். பதினோரு வருஷத்துக்கு முன்பு தாமோதரனோடு இதே வழியில் வந்தவர். அதை வண்டி ஏறிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவர்.

“தாமோதரன் இருந்தா இப்படி ஆகுமா?”

“ஆகாது. இறங்குங்க” என்றாள் பிரேமகுமாரி.

“அந்த வருஷம் வண்டி வாய்க்கால்ல படகு போற மாதிரி போச்சு. நாங்க பாட்டுப் பாடிக்கிட்டு வந்தோம்.”

“இப்பவும் பாடுங்க. இறங்கி நின்னு பாடுங்க.”

அவர் மனைவி நாச்சியார் அவரைக் கையைப் பிடித்து இறக்கினாள்.

சவரிராயன் வந்து சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தார். நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினார். பிறகு நிமிர்ந்து சொன்னார்:

“அக்கா, டீ போடுங்க.”

“வண்டி புதைஞ்சு கிடக்கு. உனக்கு டீ கேட்குதா? அவரை மாதிரியே ஆயிட்டியே!”

“எல்லாருக்கும் போடுங்க. இஞ்சி தட்டி.”

பாத்திரத்தை அவள் வைத்த சத்தம் எட்டுப் பேருக்கும் கேட்டது. டீ கொதித்தது. வன்னிமர நிழலில் ஜமக்காளம் விரித்தார்கள். இஞ்சி இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் அந்தக் காலத்து டீயேதான் என்றார் தாசில்தார். யாரோ பாடவும் ஆரம்பித்தார்கள்.

சவரிராயனின் டம்ளர் ஜீப் பானட்டின் மேல் இருந்தது. ஆளைக் காணோம்.

அரைமணி கழித்து மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து வந்தார். ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டினார்.

“வலப்பக்கம் போகணும் அக்கா. ரெண்டு மேடு தாண்டினா கெட்டித் தரை. இந்த மேடு நகர்ந்து வந்து அண்ணனோட வழி மேல உட்கார்ந்துடுச்சு.”

“டீயை ஆற வெச்சுட்டு எங்கே போனே?”

“அண்ணன் போற இடத்துக்குத்தான்.”

அவள் பானட்டைப் பார்த்தாள். டம்ளரில் ஏடு படிந்திருந்தது. அவள் கை அதை எடுத்துக் கொட்டப் போனது, பழக்கம். கொட்டப் போன கை பாதியில் நின்றது.

பானட்டின் மேல் இப்படி எத்தனை டம்ளர்! கேட்டு வாங்கி, குடிக்காமல் வைத்துவிட்டு, மனுஷன் கேமராவை மாட்டிக்கொண்டு எங்கேயோ போய்விடுவார். ‘பறவை பார்த்துட்டு வரேன்’ என்பார். போட்டவளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று திட்டியே அவள் எல்லாவற்றையும் மணலில் கொட்டியிருக்கிறாள்.

“சவரி.”

“சொல்லுங்க.”

“எத்தனை தடவை?”

“நீங்க எத்தனை தடவை டீ போட்டீங்க?”

அவள் எண்ண ஆரம்பித்தாள். முடியவில்லை. கட்ச் பக்கம் ஒரே நாளில் நாலு முறை போட்டது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவரை டீப் பைத்தியம் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

“வீட்டுல அண்ணன் என்ன குடிப்பார்?” என்று கேட்டார் சவரிராயன்.

“காபி.”

அவர் மண்வெட்டியை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் தோண்ட ஆரம்பித்தார். அவள் சாக்குகளைக் கொண்டுவந்து விரித்தாள். விரித்த வேகத்தில் சாக்கு ஒன்று கிழிந்தது.

“பொண்டாட்டிதானே நான்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா உங்க முகத்துல தெரிஞ்சுடும். எட்டுப் பேரும் உங்க முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருப்பாங்க.”

“என் முகத்துல அப்படி என்ன இருந்துச்சு?”

“எரிச்சல்.”

“என்னது?”

“டீ கேட்டா இந்தம்மா இவ்வளவு எரிச்சல்படுதே, அப்ப வேற பிரச்சனை எதுவும் இல்லைன்னு நினைச்சுக்குவாங்க. அண்ணனே சொல்லியிருக்கார்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். இந்த முறை மெதுவாக மிதித்தாள். சாக்கின் மேல் ஏறி, வண்டி வெளியே வந்தது. வலப்பக்கம் திருப்பினாள்.

அதன்பிறகு பன்னிரண்டு நாள் அவள் யாரையும் அதிகம் திட்டவில்லை. நாச்சியார் கவலைப்பட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

மலை வந்தது. மரம் குறைந்து, புல் குறைந்து, கடைசியில் கல்லும் வானமும் மட்டும் இருந்தன. சில வளைவுகள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. இங்கே ஒரு வருஷம் ஆலங்கட்டி மழையில் பூரி சுட்டாள். இங்கே அவர் எங்கிருந்தோ ஒரு சிவப்புக் கல்லைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கும் டீ கேட்டிருந்தார். கல்லை எங்கே எடுத்தார் என்று அவள் அப்போது கேட்கவில்லை.

கணவாய்க்கு முந்தின ஆறு இருபத்திரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு வந்தது. பனி உருகி வரும் ஆறு. வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும். பகல் பன்னிரண்டுக்குமேல் கடக்க முடியாது. மறுநாள் கணவாயில் பனி விழும் என்று வழியில் ஆடு மேய்ப்பவர்கள் சொல்லியிருந்தார்கள். இன்றைக்குக் கடக்காவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

நோட்டில் ‘மூன்று கல்லுக்கு நேரே இறங்கு’ என்றிருந்தது. கரையில் அந்த மூன்று கல்லும் இல்லை, கரையே பழைய இடத்தில் இல்லை. எப்போதோ வந்த வெள்ளம் இரண்டையும் கொண்டுபோயிருந்தது.

அவள் வண்டியை நிறுத்தினாள். தண்ணீர் சாம்பல் நிறத்தில் இரைந்து ஓடியது. அடி தெரியவில்லை.

“என்னம்மா, வழி தெரியுமா, தெரியாதா?” என்றார் தாசில்தார்.

அவள் கண்ணாடியில் பின்வண்டியைப் பார்த்தாள். சவரிராயன் இறங்கவில்லை. எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டீ போடலாம் என்ற வார்த்தை அவள் வாய்வரை வந்துவிட்டது. போட்டால் எல்லாரும் பாட ஆரம்பிப்பார்கள். அவள் பறவை பார்க்கப் போகலாம்.

“தெரியாது” என்றாள்.

“என்னது?”

“தெரியாதுன்னேன். எங்கே ஆழம், எங்கே கல், ஒண்ணும் தெரியாது. ரெண்டு மணி நேரம் இருக்கு. கால் நல்லா இருக்கிறவங்க எல்லாரும் இறங்குங்க. தேடுவோம்.”

தாசில்தார் கதவைத் திறந்தார்.

“இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? வைகை மணல்ல பதினெட்டு வருஷம் சங்கிலி பிடிச்சு அளந்தவன் நான். தண்ணி குறுகின இடத்தைப் பார்க்காதே. பரந்து ஓடற இடத்தைப் பாரு.”

“மாத்திரை போட்டீங்களா?” என்று கத்தினாள் நாச்சியார்.

“வந்து போட்டுக்கறேன், விடு!”

பேன்ட்டை முழங்காலுக்குமேல் சுருட்டிக்கொண்டு அவர் மேல்பக்கம் நடந்தார். பிரேமகுமாரி கூடாரக் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். மற்றவர்கள் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து கரையோரம் போனார்கள். ‘இங்கே இடுப்பளவு!’ ‘இங்கே பாறை!’ என்று ஆற்றின் இரைச்சலுக்குமேல் குரல்கள் வந்தன.

அரைக்கிலோமீட்டர் மேலே ஆறு ஐந்தாகப் பிரிந்து பரந்து கிடந்தது. தாசில்தார் அவளிடமிருந்து கம்பை வாங்கிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் ஊசியாகக் குத்த, ஐயோ அம்மா என்று அலறினார். அலறிக்கொண்டே கம்பை ஊன்றி ஊன்றி அக்கரைவரை போனார். எங்கும் முழங்காலைத் தாண்டவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு முன்வண்டி ஆற்றில் இறங்கியது. அவர்கள் வரிசையாகக் கல் அடுக்கிக் காட்டிய கோட்டில் பிரேமகுமாரி வண்டியை நிறுத்தாமல், வேகம் கூட்டாமல் ஓட்டினாள். தண்ணீர் கதவைத் தட்டியது. ஒருமுறை பின்பக்கம் நழுவியது. அக்கரையில் ஏறியதும் எல்லாரும் கைதட்டினார்கள்; பெரும்பாலும் தங்களுக்கே தட்டிக்கொண்டார்கள்.

மாலை மூன்று மணிக்குக் கணவாயைத் தாண்டினார்கள். அந்தப் பக்கம் இறங்கும்போது போனில் சிக்னல் வந்தது. சவரிராயன் வண்டியை ஓரங்கட்டி மகனைக் கூப்பிட்டார்.

“தம்பி, வண்டியை விக்க வேண்டாம்.”

அவ்வளவுதான் பேசினார். போனை வைத்துவிட்டு, ஆற்றைக் கடக்க இறக்கிய காற்றை டயர்களில் திரும்ப அடிக்க உட்கார்ந்தார்.

தாசில்தார் கொஞ்சம் தள்ளி நின்று போனில் யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “அந்தம்மாவுக்கு வழியே தெரியாதுய்யா! நாங்கதான் ஆத்துல இறங்கித் தேடினோம்! தாமோதரன் அப்படியில்லை, அவருக்கு எல்லாம் அத்துப்படி!”

பிரேமகுமாரி சவரிராயன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“கேட்டியா? ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள இதைத் தமிழ்நாடு முழுக்கச் சொல்லிடுவார் மனுஷன். பதினாலு வருஷத்துல எங்க வீட்டுக்காரரைப் பத்தி யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்களா?”

சவரிராயன் பம்பை நிறுத்தினார்.

“சொன்னதில்லைதான் அக்கா. அவர்கூட ஒருத்தரும் நடந்ததும் இல்லை.”