மூங்கில் வள்ளலின் ஒரே நிபந்தனை

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில், அந்த வருஷத்து ஓட்டப்பந்தயம் நடக்குமா நடக்காதா என்பதே எல்லாருக்கும் பேச்சாக இருந்தது.

பந்தயம் என்றால் சாதாரணப் பந்தயம் இல்லை, குழந்தைகளே! மூன்று மலைகளிலிருந்தும் மான்களும் முயல்களும் காட்டாடுகளும் வந்து கூடும். ஓட்டம் இலவமரத்தடியில் தொடங்கி ஓடைக்கரையில் முடியும். ஓடி முடித்தவர்களுக்கு வயிறாரப் பந்தி உண்டு. உண்மையைச் சொன்னால், பாதிப் பேர் அந்தப் பந்திக்காகவே ஓட வருவார்கள்.

பந்தயத்துக்கு ஒரு காவலும் உண்டு. ஓடுகிறவர்களின் கண்ணெல்லாம் எல்லைக்கோட்டின் மேல் இருக்கும். புதரில் எது பதுங்கியிருக்கிறது என்று அவர்கள் பார்த்துக்கொண்டா ஓட முடியும்? அதனால் ஆட்காட்டிக் குருவி மேட்டில் நின்று நாலு பக்கமும் பார்க்கும். அது ஒரு குரல் கொடுத்தால் போதும், பந்தயமாவது பரிசாவது, எல்லாரும் சிதறி ஓடிவிட வேண்டும்.

ஆட்காட்டிக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். இலை அசைந்தால் சந்தேகப்படும். அசையாவிட்டால் அதைவிட அதிகமாகச் சந்தேகப்படும்.

பந்தயத்தை நடத்துகிற பொறுப்பு முயலுடையது. பேரம் பேசுவதில் தன்னை மிஞ்ச இந்தக் காட்டில் ஆளில்லை என்பது முயலின் நினைப்பு. ஆனால் அந்த வருஷம் பேரம் பேசவும் ஒன்றும் இல்லை. புல்லெல்லாம் கருகிவிட்டது. பந்தி இல்லையென்றால் பந்தயம் இல்லை. பந்தயம் நின்றுபோனால் மூன்று மலைக்காரர்கள் முகத்திலும் எப்படி விழிப்பது என்று முயல் சோர்ந்து உட்கார்ந்திருந்தது.

அப்போது ஓர் அண்டங்காக்கை பறந்து வந்தது.

"வணக்கம் தலைவரே! மூங்கில் காட்டிலிருந்து வருகிறேன். அங்கே ஒரு வள்ளல் இருக்கிறார். உங்கள் பந்திச் செலவு முழுவதையும் அவரே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்."

முயலின் காது இரண்டும் நிமிர்ந்தன. "எவ்வளவு கொடுப்பார்?"

"நீங்களே சொல்லுங்கள்."

"பத்துக் கட்டுப் பசும்புல்" என்றது முயல், கொஞ்சம் கூட்டியே.

"பத்தா? மூன்று மலைக்காரர்களுக்கு எப்படிப் போதும்? இருபதாக வைத்துக்கொள்வோம்."

முயலுக்கு மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. "ஜெயித்தவருக்குத் தனியாக ஒரு குலை நாவற்பழம்?"

"இரண்டு குலை!"

"முதலில் சொல்லிவிடுகிறேன், ஓட்டத்தை உங்கள் மூங்கில் காட்டுப் பக்கம் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்."

"மாற்ற வேண்டாம். உங்கள் இடத்திலேயே நடக்கட்டும். ஓட்டம் முடிந்த மறுநாள் காலையில் இருபது கட்டும் வந்து இறங்கும். பதிலுக்கு வள்ளலுக்கு ஒரே ஒரு நிபந்தனை. பந்தயம் நடக்கும்போது மைதானத்தில் அவர் பெயர் மட்டும்தான் கேட்க வேண்டும். மரத்துக்கு மரம் என் ஆட்கள் உட்கார்ந்து 'மூங்கில் வள்ளல் வாழ்க' என்று கத்துவார்கள். வேறு எந்தக் குரலும் கூடாது."

"குயில் மட்டும் தொடக்கப் பாட்டுப் பாடட்டுமே?"

"கூடாது."

"ஆட்காட்டி?"

காக்கை தலையைத் திருப்பிச் சிறகைக் கோதிக்கொண்டது. "யாருமே கூடாது என்றால் ஆட்காட்டியும் சேர்த்துத்தானே தலைவரே? செலவு செய்கிறவர் கேட்பது இது ஒன்றுதான். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை."

இருபது கட்டுப் புல்லுக்கு முன்னால் அது முயலுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அந்தக் காட்டில் ஒப்பந்தம் என்றால் ஓடைக்கரைச் சேற்றில் இருவரும் கால் பதிக்க வேண்டும். சேறு ஈரமாக இருக்கும்வரை பேச்சை மாற்றலாம். காய்ந்துவிட்டால் பேச்சு பேச்சுதான், யாரும் மீற மாட்டார்கள். நிழலில் நல்ல சேறு இருந்தது. காக்கையோ, "இங்கே வாருங்கள் தலைவரே" என்று வெயில் சுள்ளென்று விழுகிற இடத்துக்கு முயலை அழைத்துப்போய்க் கால் பதித்தது. பதித்துவிட்டு அங்கேயே நின்று சேற்றையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

முயல் துள்ளிக்கொண்டே இலவமரத்தடிக்கு வந்தது. அங்கே கூடியிருந்தவர்களிடம் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னது. மான்கள் குதித்தன. காட்டாடு ஒன்று அப்போதே வாயை மென்றது.

ஆட்காட்டி மட்டும் ஒற்றைக் காலில் நின்று யோசித்தது. "அண்ணே, அந்த வள்ளல் யார்?"

"யாராயிருந்தால் உனக்கென்ன? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?"

"மாடு இன்னும் வந்து சேரவே இல்லையே அண்ணே! பல்லை எங்கே பார்ப்பது? மூங்கில் காட்டில் இருந்த யானைகள் தண்ணீர் தேடி மேல்மலைக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. நமக்கே புல் இல்லாத காலத்தில், அங்கே இருபது கட்டுப் புல்லோடு உட்கார்ந்திருப்பது யார்?"

"உனக்குப் பொறாமை" என்றது முயல். "ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னதால் உனக்குக் கோபம். பத்து முறை கத்தினால் ஒன்பது முறை வெறும் நிழலுக்குக் கத்துகிறவள்தானே நீ!"

கூட்டம் சிரித்தது. ஆட்காட்டிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை.

"சரி, நான் கோபக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் பேரத்தில் புலி. அந்தக் காக்கை எந்த இடத்தில் உங்களோடு முரண்டு பிடித்தது?"

"எங்கேயும் இல்லை. பத்துக் கேட்டேன், இருபது கொடுத்தது. ஒரு குலை கேட்டேன், இரண்டு கொடுத்தது."

"எங்கேயுமே இல்லையா?"

முயல் யோசித்தது. "குயிலும் நீயும் குரல் கொடுப்பதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை."

"அப்படியென்றால் அது வாங்க வந்ததே அதைத்தான் அண்ணே! ஈரம் காய்வதற்குள் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். புல்லே வேண்டாம், பெயரை இனாமாகவே கத்துகிறோம் என்று சொல்லுங்கள். ஆட்காட்டி குரல் கொடுக்க மட்டும் விடச் சொல்லுங்கள். பெயருக்கு ஆசைப்பட்ட வள்ளலாக இருந்தால் சந்தோஷப்படுவார். அப்படிச் சந்தோஷப்பட்டால் நான் இனி வாயே திறக்கவில்லை."

முயலுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாரும் பார்க்கிறார்களே! கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனது. சேற்றின் ஓரம் வெளுத்து வெடித்திருந்தது. நடுவில் மட்டும் இன்னும் கறுப்பாக ஈரம் இருந்தது.

"காக்கையாரே, ஒரு நல்ல செய்தி! உங்கள் வள்ளல் ஒரு புல் கூடக் கொடுக்க வேண்டாம். அவர் பெயரை நாங்களே சூரியன் சாயும்வரை இனாமாகக் கத்துகிறோம். ஆட்காட்டி மட்டும் வழக்கம்போல் மேட்டில் நிற்கட்டும்."

காக்கை துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. "அது... அது முடியாது தலைவரே."

"ஏன்? செலவில்லாமல் வருகிற பெயர் கசக்குமா?"

"முப்பது கட்டுத் தருகிறோம்!" என்றது காக்கை அவசரமாக. "நாற்பது! அந்தக் குருவி மட்டும் வாய் திறக்கக் கூடாது!"

மென்றுகொண்டிருந்த காட்டாடுகூட மெல்லுவதை நிறுத்திவிட்டது.

முயலின் முதுகு மயிர் சிலிர்த்து நின்றது. "நாற்பது கட்டு" என்று மெதுவாகச் சொன்னது. "அதுவும் மறுநாள் காலையில். ஆட்காட்டி இல்லாமல் ஓடினால், மறுநாள் காலையில் அதைத் தின்ன நாங்கள் யார் இருப்போம்?"

காக்கை சேற்றின் ஈரத்தைத்தான் பார்த்தது.

முயல் ஒரே தாவாகத் தாவி, நான்கு காலாலும் அந்தச் சேற்றைக் கலக்கி, தன் தடத்தையும் காக்கையின் தடத்தையும் ஒன்றுமில்லாமல் ஆக்கியது.

"கா!" என்று கத்திக்கொண்டு காக்கை மூங்கில் காட்டை நோக்கிப் பறந்தது. ஆட்காட்டி அதன் பின்னாலேயே உயரப் பறந்து பார்த்தது. அடுத்த நொடி அதன் குரல் காட்டையே கிழித்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கரையில் நின்ற அத்தனை பேரும் திசைக்கு ஒருவராகப் பாய்ந்து மறைந்தார்கள்.

மூங்கில் புதரை விலக்கிக்கொண்டு, ஒட்டிய வயிற்றோடு ஒரு சிறுத்தை வெளியே வந்தது. வெறும் கரையைப் பார்த்து உறுமியது. மிச்சம் மீதி பொறுக்கலாம் என்று நம்பியிருந்த காக்கை, அதன் கைக்கு எட்டாத கிளையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

ஆட்காட்டி மேட்டில் காவல் நிற்க, அந்த வருஷமும் பந்தயம் நடந்தது. பந்தியில் ஆளுக்கு இரண்டு சருகும் ஒரு கோரைக்கிழங்கும்தான். ஜெயித்த மானுக்குப் பரிசாக ஒரே ஒரு நாவற்பழம் கிடைத்தது. முயலுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஓட வந்தவர்கள் அத்தனை பேரும் அன்று சாயங்காலம் மூன்று மலைகளுக்கும் நடந்தே திரும்பிப் போனார்கள்.

நீதி: கேட்டதையெல்லாம் கொடுக்கிறவன், எதை மட்டும் விட்டுக்கொடுக்க மறுக்கிறான் என்று பார்; அவன் வந்தது அதற்காகத்தான்.