வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள்

வைரப்பெருமாள் இருபத்தெட்டு வருடம் தனியார் பஸ் ஓட்டியவர். ஐம்பத்தாறு வயதில் முதுகு ஒத்துழைக்காமல் ஸ்டியரிங்கை விட்டார். பழைய கார் வாங்குபவர்களுக்கு வண்டி பார்த்துச் சொல்லும் வேலையைக் கற்றுக்கொள்ளலாம் என்று திண்டுக்கல்லில் பெர்னதெத்தின் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

பெர்னதெத்துக்கு வயது முப்பத்தொன்பது. ஊரில் எல்லோரும் அவளை மேஸ்திரி என்றார்கள். வைரப்பெருமாளும் அப்படியே அழைத்தார். அவள் அவரை அண்ணே என்றாள்.

நான்கு மாதத்தில் அவர் நிறையப் படித்திருந்தார். ஒரு நாள் கேட்டார்.

"மேஸ்திரி, ஒரு வண்டியில பாக்க வேண்டியது நாப்பது அம்பது இருக்கு. முதல்ல எதைப் பாக்கணும்?"

பெர்னதெத் கை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ரெண்டு வண்டி பாக்கப் போறோம். நீங்களே பாருங்க" என்றாள்.

மறுநாள் காலை பூங்கோதை வந்தாள். சிறுமலைப் பக்கம் கிராம நர்ஸ். போன மழையில், பிரசவ வலியோடு ஒருத்தியை வாடகை வண்டியில் இறக்கிக்கொண்டு வரும்போது வண்டி பாதி மலையில் நின்றுவிட்டது. குழந்தை அங்கேயே பிறந்தது. பிழைத்துக்கொண்டது. அன்றைக்கே சொந்தமாக ஒரு கார் வாங்குவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

"அழகெல்லாம் வேண்டாம் மேஸ்திரி. நிக்கணும்னா நிக்கணும், போகணும்னா போகணும். அது போதும்."

முதல் வண்டி பைபாஸில், பழைய கார்கள் விற்கும் ஓர் இடத்தில் இருந்தது. வெள்ளை நிறம். கண்ணாடி மாதிரி மின்னியது. மீட்டர் நாற்பத்திரண்டாயிரம் காட்டியது.

"அண்ணே, நீங்க பாருங்க" என்று பெர்னதெத் ஒதுங்கி நின்றாள்.

வைரப்பெருமாள் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. கோளாறை மறைக்க முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்கவில்லை. எண்ணெய் மூடியைத் திருகிப் பார்த்தார். உள்பக்கம் வெள்ளைப் பிசுக்கு இல்லை, எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. காந்தத்தைக் கதவு கதவாக வைத்தார். எங்கும் நழுவவில்லை, பட்டி வைத்துப் பூசிய இடம் இல்லை. டயர் நான்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. கிளட்ச் பெடலின் ரப்பர்கூட மீட்டர் சொன்னதை ஒப்புக்கொண்டது. ஸ்டார்ட் செய்தார். முதல் திருப்பிலேயே பிடித்தது. புகை இல்லை.

"ஒரு குறையும் இல்ல மேஸ்திரி."

பூங்கோதையின் முகம் மலர்ந்தது.

பெர்னதெத் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஓரத்தில் தொங்கிய சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். மெதுவாக, முழம் முழமாக, அது இனி வராது என்று நிற்கும் வரை இழுத்தாள்.

கடைசி ஒரு சாண் வேறு நிறமாக இருந்தது. காபித்தூள் கரைத்துத் தடவியது போல ஒரு கறை. அதற்குக் கீழே, நெசவின் இடுக்கில், மாவு போன்ற மண். அவள் அதை நகத்தால் சுரண்டி வைரப்பெருமாளின் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் விரலால் தேய்த்துப் பார்த்தார். வண்டல். ஆற்று வண்டல்.

எந்த ஊர் வெள்ளமோ. கழுவியிருக்கிறார்கள், காய வைத்திருக்கிறார்கள், சீட் மாற்றி, பாலிஷ் போட்டு, வாசனை அடித்திருக்கிறார்கள். வண்டியின் பக்கத் தூணுக்குள் சுருண்டு கிடந்த அந்தச் சாண் அளவு துணி மட்டும் எல்லாவற்றையும் வைத்திருந்தது. வயரிங்குக்குள் புகுந்த தண்ணீர் என்றைக்கு வேலையைக் காட்டும் என்று யாருக்கும் தெரியாது. கொண்டை ஊசி வளைவிலும் காட்டலாம்.

அவர் உள்ளங்கையை மூடவில்லை. வெகு நேரம் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விற்பவர், "எங்களுக்கே தெரியாதுங்க" என்றார். பெர்னதெத் பெல்ட்டை விட்டாள். அது சரசரவென்று உள்ளே போய் மறைந்தது.

இரண்டாவது வண்டி ஊருக்குள், ஒரு சின்ன வீட்டின் முன்னால் நின்றது. வெளிறிய நீலம். பம்பரில் நசுங்கல். பதினேழு வயது. மீட்டர் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. சொந்தக்காரர் திருவேங்கடம், ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார். கண்களில் நீர் அழுத்தம் கூடி, இரண்டு வருடமாகப் பார்வை மங்கிக்கொண்டே வந்து, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகிறது. மருமகன் வாரம் ஒருமுறை வந்து வண்டியை ஓட்டி வைக்கிறான்.

அவர் எஃப்.சி. புதுப்பித்த தாளை நீட்டியபடியே ஆரம்பித்தார்.

"ரெண்டாவது கியர் காலைல கொஞ்சம் தயங்கும். இடது முன்பக்கம் புஷ் தேஞ்சு சத்தம் போடும். ஏ.சி. சுமார்தான். மழை பலமா அடிச்சா பின்கதவு வழியா லேசா தண்ணி வரும். பம்பர் நான் சுவத்துல இடிச்சது. அன்னைக்குத்தான் ஓட்டறத விட்டேன்."

வைரப்பெருமாள் பூங்கோதையைப் பார்த்தார். அவள் முகம் வாடியிருந்தது.

"சார், வண்டிய எங்க நிறுத்துவீங்க?" என்று பெர்னதெத் கேட்டாள்.

"இதே இடந்தான். கீழ பாருங்க."

வைரப்பெருமாள் குனிந்தார். என்ஜினுக்குக் கீழே ஒன்று, நான்கு சக்கரங்களின் பக்கம் ஒவ்வொன்று என, வெள்ளைச் சார்ட் தாள்கள் விரித்துக் கல் வைத்திருந்தது.

"தெனம் காலைல வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி பாப்பேன். கண்ணு போனப்புறம் தடவிப் பாக்கறேன்" என்றார் வாத்தியார். "வெறும் தண்ணின்னா ஏ.சி. இனிப்பு வாசம் அடிச்சா கூலண்ட். வழவழன்னு, மீன் வாடையா இருந்தா பிரேக் ஆயில். கருகின வாசம்னா என்ஜின் ஆயில்."

"தாளை அப்புறம் என்ன செய்வீங்க?"

"மாசம் ஒருதரம் மாத்துவேன். பழசு உள்ள இருக்கு."

அவர் மனைவி ஒரு பெரிய கட்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். பெர்னதெத் அதைப் பத்திரமாக இரு கையிலும் வாங்கித் தரையில் வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மூலையில் மாதமும் வருடமும், தாள் விரித்த இடமும். ஆரம்பத்தில் அச்சடித்தது போன்ற எழுத்து. வர வர எழுத்து பெரிதாகி, கோணி, கடைசித் தாள்களில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. அவ்வளவுதான். மற்றபடி பெரும்பாலான தாள்களில் எதுவுமே இல்லை. பதினேழு வருடத்து வெறும் வெள்ளை.

எப்போதாவது ஒன்றில் ஒரு துளி. அடுத்த தாளில் அது இல்லை.

வைரப்பெருமாளுக்குச் செருப்பைக் கழற்ற வேண்டும் போலத் தோன்றியது. ஏன் என்று தெரியவில்லை. கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்தார். கறை இருந்த ஒரு தாளைத் தனியே எடுத்தார்.

"இதுல ஒரு சொட்டு இருக்கு சார்."

"எந்த எடத்துத் தாளு?"

"இடது பின்சக்கரம்னு போட்டிருக்கு."

வாத்தியார் கையை நீட்டினார். தாளில் விரல் நுனி ஊர்ந்து அந்த இடத்தில் நின்றது.

"போன சித்திரை மாசம். பிரேக்கோட வீல் சிலிண்டர் கசிஞ்சுது. அன்னைக்கே வண்டிய எடுக்க வேண்டாம்னுட்டேன். ரெண்டு நாள்ல மாத்தியாச்சு."

வைரப்பெருமாள் டார்ச்சை எடுத்துக்கொண்டு முதுகு வலிக்க வண்டிக்குக் கீழே நுழைந்தார். இடது பின்சக்கரத்துக்குப் பின்னால், பழைய இரும்புக்கு நடுவில், புது வீல் சிலிண்டரின் பின்புறம் பளிச்சென்று தெரிந்தது. சுற்றிலும் காய்ந்திருந்தது. அவர் உடனே வெளியே வரவில்லை.

பூங்கோதை வண்டியை மலையடிவாரம் வரை ஓட்டி, மூன்று வளைவு ஏறி, இறங்கினாள். இரண்டாவது கியர் தயங்கியது. புஷ் சத்தம் போட்டது. பிரேக் மிதித்த இடத்தில் வண்டி நின்றது.

"இதையே எடுத்துக்கறேன்" என்றாள்.

சாவியைக் கொடுத்த வாத்தியார், உள்ளேயிருந்து பிரிக்காத சார்ட் தாள் கட்டு ஒன்றையும் வரவழைத்து அவள் கையில் வைத்தார்.

"இது எனக்கு எதுக்கு சார்?"

"எனக்கு இனிமே எதுக்கும்மா" என்றார் அவர்.

பட்டறைக்குத் திரும்பும் வழியில் பெர்னதெத் ஜீப்பை ஓட்டினாள். வைரப்பெருமாள் வெளியே பார்த்தபடி வந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஜீப் நின்றபோது பேசினார்.

"மேஸ்திரி, ஒருதரம் மலை இறங்கும்போது எனக்குப் பிரேக் பிடிக்கல. வண்டில நாப்பது பேரு. பாறைல உரசி உரசி நிறுத்தினேன். ஒருத்தருக்கும் சேதம் இல்ல. மறுநாள் ஊர்க்காரங்க வந்து மாலை போட்டாங்க. முதலாளி என் கையப் பிடிச்சுட்டு அழுதாரு. அந்த போட்டோ இன்னும் வீட்டுல மாட்டியிருக்கு."

"என்னாச்சாம் பிரேக்குக்கு?"

"பின்சக்கரத்துல சீல் போயி, எண்ணெய் கசிஞ்சு பிரேக் டிரம்முக்குள்ள இறங்கியிருக்கு. ரெண்டு மூணு நாளாவே கசிஞ்சு கீழ சொட்டியிருக்கணும்னு அப்புறம் சொன்னாங்க."

"அன்னைக்குக் காலைல கீழ குனிஞ்சு பாத்தீங்களா?"

"இல்ல."

ரயில் கடந்து போனது. கடைசிப் பெட்டியின் சத்தம் அடங்கும் வரை அவர் காத்திருந்தார்.

"பாத்திருந்தா?"

கேட் மேலே ஏறியது. பெர்னதெத் கியரைப் போட்டாள்.

"மாலை கிடைச்சிருக்காது அண்ணே."