சைன் அரை

"ஒரு கேள்விக்கு ரெண்டு விடை எழுதினா அது திருட்டா, இல்லையா சாமி?"

மலையேறி வந்த மூச்சிரைப்பு அடங்கும் முன்பே கேட்டார் சிங்காரவேலு. பிளஸ் ஒன் கணக்கு வாத்தியார். வயது ஐம்பத்தாறு. சாமிக்கு முப்பதுகூட இருக்காது. ஆனாலும் மனசு கொதித்தால் இவர் வந்து நிற்பது அந்த ஆசிரமத்தில்தான். வாரத்துக்கு இரண்டு தடவையாவது கொதிக்கும்.

சாமி காவித் துணியைத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

"என்ன கேள்வி?"

"ஒரு கோணத்தோட சைன் மதிப்பு அரை. பூஜ்யத்துலேர்ந்து நூற்றெண்பது டிகிரிக்குள்ள அந்தக் கோணத்தைக் கண்டுபிடிக்கணும். ஒரு மார்க். அட்டவணையைப் புரட்டினா முப்பதுன்னு கண்ணெதிர்ல இருக்கு. ஷோபிகான்னு ஒருத்தி, முப்பதும் எழுதி நூற்றைம்பதும் எழுதி வச்சிருக்கா. ஏதாவது ஒண்ணுக்கு மார்க் விழாதான்னு கல்லை விட்டுப் பார்க்கிறா! ரெண்டையும் அடிச்சுட்டு முட்டை போட்டேன்."

"அப்புறம்?"

"முப்பத்துநாலு. ஃபெயில். எழுப்பி நிறுத்தி, திருடின்னு சொன்னேன். மறுநாள்லேர்ந்து பள்ளிக்கூடத்துக்கே வரல. இப்ப ஹெச்.எம். கூப்பிட்டு, இன்னொரு தடவை பாருங்க சார்ங்கறாங்க. முப்பது வருஷ சர்வீஸ் சாமி! என்னைப் பார்த்து!"

"உங்க அட்டவணை எதோட முடியுது?"

"தொண்ணூறோட."

"கேள்வி?"

"நூற்றெண்பதோட. அதுக்கென்ன இப்ப?"

கோபம் வந்துவிட்டால் மனுஷனுக்குத் தன் வாயில் வருவதே காதில் விழாது.

சாமி ஒரு மூங்கில் கழியை நீட்டினார்.

"எட்டடி. அடியைக் கொடிக்குக் கீழே இருக்கிற அந்தக் குழியில ஊனுங்க. துணி போடுற அந்தக் கொடி நாலடி உயரத்துல போகுது. நுனியைக் கொடியில தொட வைங்க."

சிங்காரவேலு கழியை ஊன்றி வலது பக்கம் சாய்த்தார். நுனி கொடியைத் தொட்டது.

"தரையிலேர்ந்து என்ன கோணம்?"

"எட்டுக்கு நாலு, அரை. முப்பது டிகிரி. இதைத்தானே நானும் கத்திக்கிட்டு இருக்கேன்!"

"அந்த இடத்துல நான் துணி போடணும். அடியை எடுக்காம வேற இடத்துல தொட வைங்க."

முணுமுணுத்துக்கொண்டே கழியை நிமிர்த்தினார். இடது பக்கம் சாய்த்தார். நுனி மறுபடி கொடியைத் தொட்டது.

வலது பக்கத் தரையில் தொடங்கிக் கழிவரைக்கும் அவர் கண் மெதுவாகச் சுற்றி வந்தது.

"நூற்றைம்பது" என்றார். குரல் இறங்கியிருந்தது.

சாமி துணியை உதறிக் காயப் போட்டார்.

"மார்க்கைப் போட்டுடறேன் சாமி. பாஸாயிடுவா." கையெடுத்துக் கும்பிட்டார். "அந்தப் பொண்ணைத் திருடின்னு சொன்னேனே, பாவி. தப்பு என்மேலதான் சாமி."

சாமிக்கு முகம் சிவந்துவிட்டது.

"திருடின்னு எத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க?"

"நாற்பது பேர்."

"தப்புன்னு மட்டும் மலையேறி வந்து என் காதுல சொல்றீங்க?"