போணி விலையில் ஒரு கடல் பயணம்

சங்குத்துறையை ஆண்ட சிங்கபூபதி மகாராஜாவுக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, எதையும் மலிவாக வாங்குவது. இன்னொன்று, பாடுவது. முதல் ஆசையால் கஜானா நிரம்பியது. இரண்டாவது ஆசையால் சபை காலியாகியிருக்க வேண்டும். ஆனால் அரசர் பாடத் தொடங்கியதும் கதவைச் சாத்திவிடுவது அந்த அரண்மனை வழக்கம். பாட்டோ ‘ஆ’ என்று தொடங்கி, கிணற்றில் தவலை விழுந்தது போல ‘டொளக்’கென்று முடியும்.

அந்த வருடம் அசனா மரைக்காயர் ஓர் உல்லாசக் கப்பல் விட்டார். தீவுதீவாகச் சுற்றிக் காட்டி, வேளாவேளைக்கு விருந்து போட்டு, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும் கப்பல். “நானும் போகிறேன்” என்று அரசர் சொன்னதுதான் தாமதம், ஊரே துறைமுகத்துக்கு ஓடியது. அரசரோடு ஒரே கப்பலில் போய்வந்தேன் என்று பீற்றிக்கொள்ள யாருக்குத்தான் கசக்கும்? இடத்தின் விலை மளமளவென்று ஏறியது.

பொக்கிஷ அதிகாரி பூதலிங்கம் தொண்டையைக் கனைத்தார். அவர் கனைத்தால் யாருக்கோ குழி வெட்டியாயிற்று என்று அர்த்தம்.

“ம்க்கும். மகாராஜா, உங்கள் பாட்டைக் கேட்டால் எனக்குப் பசியே எடுப்பதில்லை. அப்பேர்ப்பட்ட உங்களைவிட மலிவாக இடம் வாங்கிய ஒருத்தன் அந்தக் கப்பலில் இருந்தால் நமக்கல்லவா தலைகுனிவு? நம் மருதப்பன்தான் பெரிய மூளைக்காரன் ஆயிற்றே, அவனே வாங்கி வரட்டும். முடியாவிட்டால் சபையில் அவன் ஆசனத்தை வேறு மூளைக்காரனுக்குக் கொடுக்கலாம். என் மாப்பிள்ளை சும்மாதான் இருக்கிறான்.”

அரசருக்கு யோசனை பிடித்துவிட்டது. சபையில் இருந்த மருதப்பன் சட்டென்று எழுந்தான்.

“அரசே, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மரைக்காயர் சும்மாவே ஏற்றிக்கொள்வாரே?”

“பறித்துக்கொள்ள நான் என்ன கடற்கொள்ளைக்காரனா? விலைக்குத்தான் வாங்க வேண்டும். எல்லாரையும்விடக் குறைந்த விலைக்கு.”

மருதப்பன் துறைமுகத்துக்குப் போனான். மரைக்காயர் அவனைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

“முன்னாடியே வந்திருக்கக் கூடாதா மருதப்பரே? கப்பலுக்குத் தச்சு வேலை நடக்கும்போதே வாங்கியிருந்தால் மலிவு. பாய் விரிக்கிற நேரத்தில் இடம் காலியாக இருந்தால் அப்போதும் இறக்கிக் கொடுப்பேன். நீங்கள் வந்திருப்பதோ ஊரே முட்டி மோதுகிற நேரம்.”

“பாய் விரிக்கும்வரை காத்திருக்கிறேனே.”

“காத்திருந்தாலும் போணி விலைக்குக் கிடைக்காது. அது முதலில் வாங்குகிறவருக்கு மட்டும். அடுத்த ஆளுக்கும் அதே விலைக்குக் கொடுத்தால் கப்பலுக்கு ராசி போய்விடும்.”

“போணி செய்த மகராசன் யார்?”

“பூதலிங்கம் ஐயாதான். தினமும் வந்து தன் இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார்.”

ஓகோ, குழியின் ஆழம் இதுதானா! மருதப்பன் தலையைச் சொறிந்தான்.

“சரி, போணிக்காரரே இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால்?”

“போணியே ஆகவில்லை என்று அர்த்தம். அடுத்து வாங்குகிறவர்தான் போணி. ஆனால் அவர் எதற்குத் திருப்பப் போகிறார்?”

மருதப்பன் ஒரே ஓட்டமாக அரண்மனைக்குத் திரும்பினான்.

“அரசே, கடற்காற்றில் குரல் நன்றாக எழும்புமாமே. கப்பலில் பாடுவீர்களா?”

அரசரின் முகம் பூரி போல உப்பியது. “கேட்கவா வேண்டும்? காலையில் பாடுகிறேன். மாலையிலும் பாடுகிறேன்.”

“ஊருக்குச் சொல்லட்டுமா?”

“முரசடித்துச் சொல்.”

டம் டம் டம். “மகாராஜா கப்பலில் காலையும் மாலையும் பாடுவார். சபை வழக்கப்படி, பாட்டு முடியும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது.” டம் டம்.

கடைத்தெரு வியாபாரத்தை விட்டுவிட்டுக் கூடியது.

“அரண்மனையிலாவது ஜன்னல் வழியாகக் குதிக்கலாம்” என்றார் ஒரு மிளகு வியாபாரி.

“கப்பலிலும் குதிக்கலாம், சுறா இருக்கும்” என்றாள் அவர் மனைவி.

“பாட்டைக் கேட்டால் சுறா எங்கே இருக்கப் போகிறது?”

மறுநாள் துறைமுகத்தில் நீண்ட வரிசை. “எனக்குத் தண்ணீரில் கண்டம்.” “மாமியாருக்கு மூட்டுவலி.” “கப்பலுக்குத் தகுந்த வேட்டி இல்லை.” எல்லாருக்கும் முன்னால், முக்காடு போட்ட ஒருவர் கனைத்தார்.

“ம்க்கும். எனக்கு வயிறு சரியில்லை.”

மூட்டைகளுக்குப் பின்னால் மருதப்பன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். வரிசை கரைந்ததும் மெல்ல வெளியே வந்தான்.

“மரைக்காயரே, போணி ஆயிற்றா?”

“எங்கே? விடிந்ததிலிருந்து திருப்பி வாங்கிக்கொண்டே இருக்கிறேன்.”

கப்பல் கிளம்புவதற்கு முதல் நாள் அரசர் சபையில் விசாரித்தார். மரைக்காயரே வந்து சொன்னார்: “மகாராஜாதான் போணி. உங்களைவிட மலிவாக வாங்கிய ஆள் கப்பலில் இல்லை. பூதலிங்கம் ஐயா முதலில் வாங்கினார். முரசு கேட்டதும் முதல் ஆளாகத் திருப்பிவிட்டார்.”

அரசர் பூதலிங்கத்தைப் பார்த்தார். பூதலிங்கம் தரையைப் பார்த்தார். கனைப்பு வரவில்லை.

“மருதப்பா, என் பாட்டை வைத்தா விலையை இறக்கினாய்?”

“அரசே, நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நீங்கள் பாடுவீர்கள் என்றுதான் சொன்னேன்.”

அரசர் முதலில் முறைத்தார். பிறகு மீசை துடித்தது. பிறகு சிம்மாசனம் ஆடும்படி சிரித்தார்.

“பலே. உன் ஆசனம் உனக்கே. பரிசாகக் கப்பலிலும் ஓர் ஆசனம் தருகிறேன், எனக்கு நேர் எதிரே. பக்கத்தில் பூதலிங்கம் உட்காரட்டும். அவனுக்குத்தான் பசியே எடுக்காதே.”

மறுநாள் பாய் விரிந்தது. மேல்தளத்திலிருந்து ‘ஆ’ கேட்டது. மருதப்பன் மரைக்காயரிடம் ஓடினான்.

“மரைக்காயரே, எனக்கும் வயிறு சரியில்லை. என் இடத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்களேன்.”

மரைக்காயர் நிதானமாகக் காதிலிருந்த பஞ்சை எடுத்தார்.

“பாய் விரித்த பிறகு திருப்ப முடியாது. வேண்டுமானால் கொஞ்சம் பஞ்சு தருகிறேன். ஆனால் விலை ஏறிவிட்டது மருதப்பரே. முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?”