தணிகாசலம் படகுக்குப் போட்ட பூஜை

லாரி முதலாளி தணிகாசலம் பழவேற்காட்டில் பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கி, தன் கையாலேயே பூஜை போட்டார். அப்போதிலிருந்து முன்னால் போகும் கியர் விழவே இல்லை. படகு பின்னாலேயே போனது.

"சாயங்காலம் எம்.எல்.ஏ. ஏறுறார். அதுக்குள்ள சரி பண்ணு. ஆனா பூஜையில வச்ச எதையும் தொடக் கூடாது. தொட்டா வேலை போயிடும்!" என்று படகு கழுவும் தேசப்பனிடம் கத்தினார்.

தேசப்பன் குனிந்து பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"மொதலாளி, லாரிக்குப் பூஜை போட்டா எலுமிச்சம்பழத்தை எங்க வைப்பீங்க?"

"டயருக்கு அடியில. ஏத்தி நசுக்கணும்."

"நசுக்காம விட்டா?"

"திருஷ்டி போகாதுடா, மடையா!"

"அப்ப நசுக்கிடுங்க. படகுக்கு டயர் இல்லேன்னு பழத்தைக் கியர் லிவருக்கு முன்னால சொருகிட்டீங்களே!"

தணிகாசலம் இரண்டு கையாலும் லிவரைத் தள்ளினார். சாறு கண்ணில் பீய்ச்சியடித்தது. படகு முன்னால் பாய்ந்தது.

"திருஷ்டியும் போச்சு, கியரும் விழுந்துச்சு" என்றான், கைகட்டி நின்ற தேசப்பன். "நான் எதையும் தொடல, மொதலாளி."