கிராபிக்ஸ் கார்டு பொறுப்பேற்ற கதை

கொக்கரைப்பட்டி பேரூராட்சி அலுவலகத்தை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. அங்கே சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். ஒரு தடவை மேலிடத்திலிருந்து, மரக்கன்று நட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றவும் என்று உத்தரவு வந்தது. ஐப்பசி அடைமழையில் குடையைப் பிடித்துக்கொண்டு ஊற்றினார்கள். கன்று அழுகிப்போனது. அதற்குப் பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் நிறுத்தச் சொல்லி உத்தரவு வரவில்லை.

அங்கே தலைமை எழுத்தர் ஆவுடையப்பன். அலுவலகத்துக்கு நேர் எதிரே அவர் வீடு. மத்தியானம் சாலையைத் தாண்டினால் சுடச்சுடச் சொதிக் குழம்பு. சாப்பிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தால் மூன்று மணி வரை ஆனந்தமான தூக்கம். மனுக் கொண்டு வருகிறவர்கள் அந்த நேரத்தில் வந்தால், பியூன் மாசானம் உதட்டில் விரலை வைத்து வாசலிலேயே நிறுத்திவிடுவான். அந்தக் குழம்பும் அந்தத் தூக்கமும் போதும், ஆவுடையப்பனுக்கு உலகத்தில் வேறு ஆசையே கிடையாது.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. ஊருக்கு வரப்போகும் புதுப் பஸ் ஸ்டாண்டு எப்படி இருக்கும் என்று ஒரு படம் தயாராகி வந்திருந்தது. வெள்ளிக்கிழமை கலெக்டர் வரும்போது அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரோ அரதப் பழசு. படத்தில் வரும் பஸ் பாதி திரும்பியதும் அப்படியே நின்றுவிடும். "படம் ஓடலைன்னா உங்களைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று கலெக்டர் போனிலேயே சொல்லிவிட்டார்.

ஆவுடையப்பன் திருநெல்வேலி கம்ப்யூட்டர் மெக்கானிக் ஞானராஜிடம் ஓடினார். அவர் விஷயம் தெரிந்தவர். "படம் நிக்காம ஓடணும்னா புது கிராபிக்ஸ் கார்டு போடணும். அது தின்னுத கரண்டுக்குப் பழைய பவர் சப்ளை தாங்காது, அதையும் மாத்தணும்" என்று சொல்லி இரண்டையும் கொடுத்தார். "மச்சினன் கல்யாணத்துக்குப் போறேன். போன்ல சொல்லுதேன். சொன்னபடி செஞ்சாப் போதும்" என்றார். பாவம், அவருக்குக் கொக்கரைப்பட்டியைத் தெரியாது.

புதன்கிழமை வேலை தொடங்கியது. ஞானராஜ் போனில் சொன்னார்: "மொதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. பெறகு வேலை செய்யுதவங்க ஏதாவது இரும்பைத் தொட்டுக்கிடணும். ஒடம்புல இருக்க கரண்டு எறங்கிரும்."

ஆவுடையப்பன் போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார். "இங்க வேலை செய்யுதவங்க யாரு?"

இளநிலை எழுத்தர் சொரிமுத்து தட்டச்சர் செண்பகவல்லியைப் பார்த்தார். செண்பகவல்லி மாசானத்தைப் பார்த்தாள். மாசானம் சுவரைப் பார்த்தான்.

"யாருன்னு தெரியலைன்னா எல்லாரும் தொட்டுக்கிடுவோம் சார், பின்னால தணிக்கையில கேள்வி வராது" என்றாள் செண்பகவல்லி.

இரும்பு பீரோ ஒரு மூலையில், கம்ப்யூட்டர் இன்னொரு மூலையில். மாசானம் பீரோவைத் தொட்டுக்கொண்டான், அவன் தோளைச் செண்பகவல்லி, அவள் தோளைச் சொரிமுத்து, சொரிமுத்து தோளை ஆவுடையப்பன் என்று சங்கிலியாக நின்றார்கள். அப்படியும் எட்டவில்லை. பிறப்புச் சான்றிதழுக்கு வந்த ஒருவர் இதுதான் வரிசை போல என்று ஆவுடையப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவர்தான் திருப்புளியை வாங்கிப் பெட்டியைத் திறந்துகொடுத்தார். அவருக்குச் சான்றிதழை மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

"தெறந்தாச்சா? பழசைக் கழட்டிட்டுப் புதுசை அதே எடத்துல மாட்டுங்க" என்றார் ஞானராஜ்.

சொரிமுத்து திருப்புளியை எடுத்தார். ஆவுடையப்பன் பதறிப்போய்க் கையைப் பிடித்தார்.

"என்னவே செய்யுதீரு? இது அரசாங்க ஆபீஸ். புதுசா வந்தவர்கிட்ட பொறுப்பை ஒப்படைக்காம பழையவரை எப்படி விடுவிக்க முடியும்?"

"அண்ணாச்சி, பழையவர் எந்திரிச்சாத்தானே புதியவர் உக்கார முடியும்? இருக்கது ஒரு எடம்."

"அதுக்காக முறையை மீறச் சொல்லுதீரா? போன தடவை செயல் அலுவலர் மாறுனப்ப என்ன செஞ்சோம்?"

"ரெண்டு பேரையும் எதிரெதிர உக்கார வச்சோம்."

"அதைச் செய்யும்."

பழையவரைக் கழற்றினாலும் விடுவித்ததாக ஆகாது, பொறுப்பு ஒப்படைக்க வெளியே வந்ததாகத்தான் கணக்கு என்று முடிவானது. பழைய கார்டையும் புதுக் கார்டையும் மேஜையில் எதிரெதிரே வைத்தார்கள். பவர் சப்ளைகளையும் அப்படியே. வியாழக்கிழமை முழுக்கப் பொறுப்பு ஒப்படைப்பு நடந்தது. இடையில் ஞானராஜ் போன் செய்து மாட்டியாயிற்றா என்று கேட்டார். "சத்தம் போடாதீரும், பேசிக்கிட்டு இருக்காவ" என்று சொரிமுத்து போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் பழையவர்களுக்குப் பிரிவு உபசார விழா. கேசரி, உளுந்த வடை. பழைய பவர் சப்ளைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "ஒருநாள் கூட லீவு போட்டதில்லை, கரண்டு போன நாள் தவிர" என்று ஆவுடையப்பன் பேசினார். செண்பகவல்லி மூக்கைச் சிந்தினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பவர் சப்ளை எப்படியோ உட்கார்ந்துவிட்டது. கார்டு உட்காரவில்லை. அது நீளம், பெட்டி சின்னது. "லேசாச் சாய்ச்சுப் பாருங்க" என்றார் ஞானராஜ், கல்யாணப் பந்தியிலிருந்து. மேஜையின் ஒரு பக்கத்துக்கு இரண்டு செங்கல் வைத்துச் சாய்த்துப் பார்த்தார்கள். பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள்.

கலெக்டர் உள்ளே நுழைந்தபோது நான்கு பேரும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். மேஜை சாய்ந்திருந்தது. திரை இருட்டாக இருந்தது. அதன் முன்னால் புதுக் கார்டு வரவேற்பு மாலையோடு இருந்தது.

"பஸ் ஸ்டாண்டு எங்கே?"

"ஐயா, பழையவரை விடுவிச்சாச்சு. புதியவர் பணியில சேந்துட்டாரு, ஆனா எடம் இல்லாம கட்டாயக் காத்திருப்புல இருக்காரு" என்றார் ஆவுடையப்பன்.

கலெக்டர் திரும்பிப் போய்க் காரில் ஏறினார். திங்கட்கிழமை உத்தரவு வந்தது. ஆவுடையப்பனுக்கு மலை மேலுள்ள பேரூராட்சிக்கு மாற்றல். உடனே செல்ல வேண்டும். அவருடைய இடத்துக்கு யார் என்று அதில் இல்லை. 'அலுவலகத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்தவரிடம் பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டுச் செல்லவும்' என்று மட்டும் இருந்தது.

ஆவுடையப்பன் அழுதார். எதிர்வீட்டுச் சொதிக் குழம்பை நினைத்துக் கொஞ்சம், தூக்கத்தை நினைத்து நிறைய. அழுதுகொண்டே கேட்டார். "இங்க புதுசா சேந்தது யாரு?"

எல்லோரும் ஒரே நேரத்தில் கார்டைப் பார்த்தார்கள்.

அதைத் தூக்கித் தலைமை எழுத்தர் நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். பீரோ சாவியையும் ரப்பர் ஸ்டாம்பையும் அதன் முன்னால் வைத்து ஆவுடையப்பன் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஊர்க்காரர்கள் இரண்டு நாள் வெறித்துப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். கார்டில் இரண்டு குட்டி விசிறிகள் உண்டு. மேலே மின்விசிறி ஓடினால் அந்தக் காற்றில் அவை சுற்றும். சுற்றினால் சரி என்று அர்த்தம், மாசானம் ஸ்டாம்பைக் குத்திவிடுவான். சுற்றாவிட்டால் நாளைக்கு வா. புது ஐயா காசுக்குக் கைநீட்டுவதில்லை, எரிந்து விழுவதில்லை என்று கடைத்தெருவில் நல்ல பெயர். கொக்கரைப்பட்டிக்கு இத்தனை நல்ல தலைமை எழுத்தர் வாய்த்ததேயில்லை என்றார்கள்.

மலை மேல் ஆவுடையப்பனுக்குக் குளிரில் கண்ணை மூட முடியவில்லை. எழுதி எழுதிக் கேட்டு, கடைசியில் பதில் வந்தது. பழைய அலுவலகத் தலைமை எழுத்தர் ஆட்சேபணை இல்லை என்று சம்மதித்தால், சொந்த ஊருக்கே திரும்பலாம். அன்றே கடைசி நாள். இரண்டரை மணி பஸ்ஸைப் பிடித்துக் கலெக்டர் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உண்டு.

மனுவோடு ஓட்டமும் நடையுமாக அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். மத்தியானம். மாசானம் வாசலில் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே மின்விசிறியை அணைத்திருந்தார்கள். நாற்காலியில் கார்டு அசையாமல் இருந்தது.

"ஸ்விட்சைப் போடேன் மாசானம், எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"மூணு மணிக்கு மேல வாங்கய்யா" என்று மாசானம் கிசுகிசுத்தான். "ஐயா இப்பத்தான் கண்ணசந்தாவ."

ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார். அவர் உட்கார்ந்த நாற்காலி, அவர் தூங்கிய அதே சாய்மானம். சீட்டில் உட்கார்ந்த சில மாதத்தில் இவ்வளவு வேலை கற்றுக்கொண்டாரே என்று அவருக்குக் கண் கலங்கியது.

"அப்ப எழுப்பாதே, பாவம்" என்றார். செருப்புச் சத்தம் கேட்காமல் இருக்க, இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறப் போனார்.